12 வருட மத்திய அரசு வேலையை விட்டுத் தனியாருக்குப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 37. பெங்களூரில் ஒரு மத்திய அரசு ஆய்வகத்தில் 12 வருடமாகத் தொழில்நுட்ப அதிகாரி. ஒயிட்ஃபீல்டில் ஒரு தனியார் நிறுவனம் வருடத்துக்கு 34 லட்சம் தருவதாக ஆஃபர் கொடுத்திருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். "பென்ஷன் வேலையை யாராவது விடுவார்களா" என்று கேட்கிறார். மனைவி முடிவை இவரிடமே விட்டுவிட்டார். விடலாமா, விட்டால் என்னென்ன போகும், எப்படி விடவேண்டும் என்பதுதான் கேள்வி.

நான் பெங்களூரிலேயே மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ராஜினாமாக் கடிதங்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தம்பி, நீங்கள் போகலாம். ஆனால் அப்பா எதற்காகப் பயப்படுகிறாரோ அந்தப் பென்ஷன் உங்களுக்கு ஏற்கெனவே கிடையாது. யாரும் பேசாத வேறு சில விஷயங்கள்தான் கையை விட்டுப் போகும். அவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகு கடிதம் கொடுங்கள்.

முதலில் பென்ஷன். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு (ராணுவம் நீங்கலாக) என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் சேர்த்து அதில் 10 சதவீதம் நீங்கள் போடுகிறீர்கள். அரசு 14 சதவீதம் போடுகிறது. இந்த இரண்டு பங்கும் உங்கள் பிரான் எண்ணில்தான் (நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண்) சேர்கின்றன. ராஜினாமா செய்தாலும் அரசு போட்ட பங்கு திரும்பிப் போகாது. அப்பாவுக்கு வருகிற மாதிரி கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற கணக்கு உங்களுக்கு முதல் நாளிலிருந்தே இல்லை. 2025 ஏப்ரலில் வந்த யுபிஎஸ் என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு நீங்கள் மாறியிருந்தால், அதில் உறுதி செய்யப்பட்ட ஓய்வூதியம் உண்டு, சரி. ஆனால் ராஜினாமா செய்பவருக்கு அந்த உறுதித் தொகை கிடையாது. மாறினீர்களா இல்லையா என்று எழுதவில்லை. மாறியிருந்தால் இழப்பு கூடுதல், அதை மனதில் வையுங்கள்.

என்பிஎஸ் விஷயத்தில் நிறையப் பேர் அவசரப்பட்டு ஒன்று செய்கிறார்கள். வேலையை விட்ட கையோடு கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். 60 வயதுக்கு முன்னால் வெளியேறினால், சேர்ந்த பணத்தில் 20 சதவீதம்தான் கையில் வரும். மீதி 80 சதவீதத்துக்கு ஆன்யுட்டி (மாதாமாதம் பணம் தரும் திட்டம்) வாங்கியாக வேண்டும். 37 வயதில் ஆன்யுட்டி வாங்கினால் மாதம் வருவது சொற்பம், வளரவேண்டிய பணமும் அங்கேயே நின்றுவிடும். முடிக்கவே முடிக்காதீர்கள். பிரான் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். அரசுப் பிரிவிலிருந்து கார்ப்பரேட் பிரிவுக்கோ, தனிநபர் பிரிவுக்கோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. புதிய நிறுவனம் கார்ப்பரேட் என்பிஎஸ் வைத்திருந்தால், சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுவனத்தின் பங்காக அதில் போடச் சொல்லுங்கள். புதிய வரி முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அதற்கு வரிவிலக்கு உண்டு.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது செய்த சேவைக்காகத் தரும் பணிக்கொடை. இங்கேதான் அரசுத் துறைக்கும் பொதுத்துறை நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. ஹெச்ஏஎல், பிஇஎல் போன்ற பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்கள் நண்பர் ஐந்து வருடம் முடித்து ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி வாங்கிக்கொண்டு போவார், ஏனென்றால் அவருக்குத் தொழிலாளர் சட்டப்படியான கிராஜுவிட்டி உண்டு. நீங்கள் மத்திய அரசுத் துறை ஊழியர். உங்கள் விதியில் ராஜினாமா என்றால் அதுவரை செய்த சேவை முழுவதும் கணக்கிலிருந்து போய்விடும். அதோடு கிராஜுவிட்டியும் போகும். உங்கள் அடிப்படைச் சம்பளம் 80,000, அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்த்து 1,26,400. 12 வருடத்துக்கு ஆறு மாதச் சம்பளம் என்ற கணக்கில் 7,58,400 ரூபாய் உங்கள் பெயரில் சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். ராஜினாமாக் கடிதம் ஏற்கப்பட்ட அன்று அது பூஜ்ஜியம். அதே 12 வருடத்துக்குப் பொதுத்துறை நண்பருக்கு இதே சம்பளத்தில் சுமார் 8.75 லட்சம் கையில் வந்திருக்கும். ஆனால் உங்கள் ஆய்வகம் துறையின் நேரடி அலுவலகமா, தன்னாட்சி அமைப்பா என்பதைப் பொறுத்து விதி மாறலாம். உங்கள் நியமன உத்தரவை எடுத்து, எந்த விதிகளின் கீழ் நியமனம் என்று எழுதியிருக்கிறது என முதலில் படியுங்கள்.

ஈஎல் (ஈட்டிய விடுப்பு) கணக்கிலும் பாதி போகும். ஓய்வு பெறுபவருக்கு 300 நாள் வரை காசாக்கலாம். ராஜினாமா செய்பவருக்குக் கணக்கில் இருப்பதில் பாதிதான், அதிகபட்சம் 150 நாள். உங்களிடம் 240 நாள் இருந்தால் 120 நாளுக்குத்தான் பணம், மேலே சொன்ன கணக்கில் சுமார் 5 லட்சம். மீதி 120 நாள் வீணாகிறது. அதனால் கடிதம் கொடுப்பதற்கு முன்பு அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போகவேண்டும் என்று நினைத்திருந்தால் இப்போதே லீவு போட்டுப் போய்விட்டு வாருங்கள். ஆனால் அந்த லீவில் புதிய கம்பெனிக்கு ஒரு நாள்கூட வேலை செய்யக்கூடாது. லீவில் இருந்தாலும் நீங்கள் அரசு ஊழியர்தான். அனுமதியில்லாமல் வேறு வேலை பார்ப்பது நடத்தை விதிப்படி குற்றம், அது ராஜினாமாவையே சிக்கலாக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அரசுப் பணியில் இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? என்பிஎஸ் ஊழியராக இருந்தாலும், பணியில் இருக்கும்போது இறந்தால் பழைய விதிப்படியான குடும்ப ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. முதல் 10 வருடம் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதன் பிறகு 30 சதவீதம், அகவிலைப்படி தனி. அது போக, 11 வருடம் முடித்தவருக்கு இறப்புக் கிராஜுவிட்டி 20 மாதச் சம்பளம், உச்சவரம்பு 25 லட்சம். உங்கள் கணக்கில் அது உச்சவரம்பையே தொட்டுவிடும். இந்தப் பாதுகாப்பு முழுக்க உங்கள் மனைவியும் பிள்ளைகளும் தெரியாமலே அனுபவித்துக்கொண்டிருப்பது. புதிய கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் அந்தக் கம்பெனியில் இருக்கிற வரைக்கும்தான். ஆகவே உங்கள் சொந்தப் பெயரில் ஒரு பெரிய டெர்ம் பாலிசி (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். ராஜினாமாவுக்கு முன்பே எடுங்கள். மெடிக்கல் டெஸ்ட், விசாரணை எல்லாம் முடிந்து பாலிசி பத்திரம் கைக்கு வந்த பிறகு கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம்.

மருத்துவமும் அப்படித்தான். உங்கள் சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) அட்டையில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதா? அப்பா பென்ஷன் வாங்குபவர் என்பதால் வருமான வரம்பைத் தாண்டிப் பெயர் சேராமல் போயிருக்கலாம். மாமனார் மாமியார் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி மெடிக்ளெய்ம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 45 வயதில் அந்த வேலை போனால் அதுவும் போகும். அப்போது புதிதாகப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கம்பெனி கொடுப்பது கொடுக்கட்டும், குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி இன்றைக்கே தொடங்குங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். 34 லட்சம் என்றதும் உங்கள் கைக்கு வரும் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டு இரண்டு மடங்கு என்று நினைத்திருக்கிறீர்கள். கம்பெனிக்காரர்கள் சிடிசி என்று எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறார்கள். உங்கள் அரசு சம்பளத்தையும் அதே மாதிரி கூட்டிப் பாருங்கள். அடிப்படை 80,000, அகவிலைப்படி 46,400, பெங்களூர் பெரிய நகரங்களுக்கான எக்ஸ் பிரிவில் வருவதால் வாடகைப்படி 30 சதவீதம் 24,000, போக்குவரத்துப்படி அகவிலையோடு 11,376. மொத்தம் மாதம் 1,61,776. இதோடு அரசு என்பிஎஸ்ஸில் போடும் 17,696-ஐச் சேருங்கள். வருடத்துக்கு சுமார் 21.5 லட்சம். கிராஜுவிட்டி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேர்த்தால் 22 லட்சத்தைத் தாண்டும். குவார்ட்டர்ஸில் இருந்தால் வாடகைப்படி வராது, அதற்குப் பதில் வீடு இருக்கிறது. ராஜினாமா செய்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் பொதுவாக ஒரு மாதம்தான் தருவார்கள். பெங்களூரில் வீடு பார்த்து, பல மாத வாடகையை அட்வான்ஸாகப் புரட்டுவதற்கு அது போதாது.

இப்போது உங்கள் ஆஃபரைப் பிரித்துப் பார்க்கிறேன். நீங்கள் எழுதியபடி, நிலையான பகுதி 25 லட்சம், வேரியபிள் 4 லட்சம், சேரும்போது ஒரு தடவை போனஸ் 2 லட்சம், பங்குகள் 3 லட்சம். அந்த 25 லட்சத்துக்குள்ளேயே கம்பெனியின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் இருக்கும். அடிப்படைச் சம்பளம் பாதி என்றால் இவை சுமார் 2.1 லட்சம். ஆக, வரிக்கு முன் மாதம் 1.9 லட்சம். இப்போது 1.62 லட்சம் வாங்குகிறீர்கள். வித்தியாசம் 30,000-க்குள் நிற்கிறது. வேரியபிள் கம்பெனி நிலவரத்தைப் பொறுத்தது. சேரும் போனஸை ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். பங்குகள் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். என் கருத்தைக் கேட்டால், நிலையான பகுதி 30 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்துக்காக மட்டும் போகவேண்டாம். பேசிப் பாருங்கள். நீங்கள் இழக்கும் கிராஜுவிட்டியையும் ஈஎல்லையும் எண்ணாகவே ஹெச்ஆரிடம் சொல்லுங்கள். அதற்கு ஈடு கேட்பது பேராசை இல்லை, நியாயமான பேச்சு. அந்த மொழி அவர்களுக்குப் பழக்கமானதுதான்.

வேலைக்காகப் போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. நீங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், இரண்டு வருடமாக ஒரு கருவிக்கான கொள்முதல் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று. அந்த வரியைப் படித்தபோதுதான் நீங்கள் போகவேண்டியவர் என்று எனக்குப் பட்டது. 2020-க்குப் பிறகு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள், தனியாருக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பு வந்தது, 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது. பாதுகாப்புத் துறையிலும் தனியார் உற்பத்தி வளர்கிறது. பெங்களூரில் இந்தத் துறைகளில் இருப்பவருக்கு, அரசு ஆய்வகத்தில் சோதனையும் சான்றிதழும் எப்படி நடக்கும் என்று உள்ளிருந்து தெரிந்திருப்பது பெரிய சொத்து. வெளியே இருப்பவர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் அறிவை மட்டும் எடுத்துப் போங்கள். ஒரு காகிதம், ஒரு பென் டிரைவ், ஒரு மின்னஞ்சல்கூட வெளியே போகக்கூடாது. அலுவல் ரகசியச் சட்டம் உங்கள் ராஜினாமாவோடு முடிந்துவிடுவதில்லை.

அங்கே போனபின் மாறுவது இரண்டு விஷயம். ஒன்று, இங்கே உங்களைப் பொதுவாக விசாரணையில்லாமல் நீக்க முடியாது. அங்கே நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து ஒரே கூட்டத்தில் அனுப்பிவிடலாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இல்லாமல் போகாதீர்கள். வீட்டுக் கடன் இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முடிவு எடுக்கும் வேகம். இங்கே நோட்டிங் (கோப்பில் குறிப்பு) எழுதி மேலே அனுப்பிவிட்டால் பொறுப்பு பகிரப்பட்டுவிடும். அங்கே உங்களைவிடப் பத்து வயது சின்னவர் மேலதிகாரியாக உட்கார்ந்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், இன்றைக்கு மாலைக்குள் சொல்லுங்கள்" என்பார். அதில் தடுமாறாமல் நின்றவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் கஷ்டமாக இருக்கும், பழகிவிடும்.

திரும்பி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கிட்டத்தட்ட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா நடைமுறைக்கு வந்து, திரும்பச் சேரும் நாள் வரைக்குமான இடைவெளி 90 நாளுக்கு மேல் போகாமல் இருந்தால், பொதுநலன் கருதித் திரும்ப எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் தனியார் வணிக நிறுவனத்தில் சேருவதற்காக ராஜினாமா செய்தவரின் வேண்டுகோளை ஏற்கக்கூடாது என்று அதே விதி சொல்கிறது. வேறு அரசு வேலைக்குப் போகிறவர் டெக்னிக்கல் ரெசிக்னேஷன் கொடுத்துச் சேவையைத் தொடரலாம், சில சமயம் பழைய பதவியில் லியனும் (அதற்குத் திரும்பும் உரிமை) வைத்திருக்கலாம். தனியாருக்கு அது எதுவும் பொருந்தாது. புதிதாகத் தேர்வு எழுதி வரலாம் என்றால், அரசு ஊழியருக்கான வயதுத் தளர்வும் போயிருக்கும். ஒரே ஒரு வசதி, கடிதம் கொடுத்து அதிகாரி ஏற்பதற்கு முன்பு மனம் மாறினால் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இதே கேள்வியை 17, 18 வருட சர்வீஸ் உள்ளவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. 20 வருடம் முடித்தால் மூன்று மாத நோட்டீஸில் விருப்ப ஓய்வு வாங்கலாம். அது ராஜினாமா ஆகாது, கிராஜுவிட்டியும் முழு ஈஎல்லும் கிடைக்கும். இரண்டு மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்றே சொல்வேன். உங்களுக்கு இன்னும் எட்டு வருடம். அதற்காக உட்கார்ந்திருப்பது சரியில்லை.

இனி காகித வேலை. கடிதத்தில் ராஜினாமா நிபந்தனையற்றதாக இருக்கட்டும், எந்தத் தேதியிலிருந்து என்று தெளிவாக எழுதுங்கள். ராஜினாமா என்பது கொடுத்தவுடன் முடிவதில்லை, ஏற்று, ரிலீவ் செய்தால்தான் (பணியிலிருந்து விடுவித்தால்தான்) முடியும். விசாரணை நிலுவையில் இருந்தாலோ, பாண்ட் (இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) காலம் பாக்கி இருந்தாலோ நிற்கும். ஸ்டடி லீவில் போய் எம்.டெக் படித்தவர்கள் திரும்பி வந்து மூன்று வருடம் சேவை செய்யாமல் விலகினால், அரசு செலவழித்ததைத் திருப்பிக் கட்டவேண்டும். விஜிலன்ஸ் கிளியரன்ஸ் (கண்காணிப்புப் பிரிவின் தடையின்மைச் சான்று), சொத்து விவர அறிக்கை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சர்வீஸ் புக்கை ஒரு தடவை கேட்டு, பக்கம் பக்கமாகப் பார்த்து நகல் எடுத்து வையுங்கள், விலகிய பிறகு அதைக் கேட்டு அலைவது பெரும் பாடு.

நோ டியூஸ் படிவம்தான் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) எல்லோரையும் கவிழ்ப்பது. லைப்ரரி, ஸ்டோர்ஸ், கேன்டீன், கூட்டுறவு சங்கம், எஸ்டேட், பாஸ் பிரிவு என்று ஒரு டஜன் கையெழுத்து. ஒரு பையனின் ரிலீவிங் ஏழெட்டு வாரம் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பெயரில் ஸ்டோர்ஸ் லெட்ஜரில் ஒரு ஆஸிலோஸ்கோப் இருந்தது. வேறு பிரிவுக்கு வாய்மொழியாகக் கொடுத்திருக்கிறார்கள், மாற்றுச் சீட்டு போடவில்லை. கருவியைக் கண்டுபிடித்து, எண் ஒட்டிய தகடு தேய்ந்துபோனதால் மறுபடி சரிபார்த்து, இரண்டு பிரிவுத் தலைவர்களும் கையெழுத்துப் போடுவதற்குள் அவருடைய கம்பெனி இரண்டு தடவை ஜாயினிங் தேதியைத் தள்ளிவைத்தது. நீங்கள் இப்போதே ஸ்டோர்ஸுக்குப் போய் உங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வாங்கிவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் ஜாயினிங் தேதி ரிலீவிங் ஆர்டர் கிடைத்த பிறகு என்று எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கேளுங்கள். கூட்டுறவுக் கடன், வீட்டுக் கடன் முன்பணம் இருந்தால் முன்பே அடைத்துவிடுங்கள். குரூப் இன்ஷூரன்ஸில் சேமிப்புப் பகுதி திரும்பக் கிடைக்கும், அந்தப் படிவத்தையும் மறக்காதீர்கள்.

புதிய இடத்தில் சேரும்போது பிஎஃப் கணக்கு முதல் தடவையாகத் திறப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் உள்ள புதியவர் என்பதால் அதிலுள்ள பென்ஷன் திட்டத்தில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள், முழுப் பணமும் பிஎஃப்பிலேயே சேரும், அது நல்லதுதான். பாதி வருடத்தில் மாறினால், அரசு அலுவலகத்தில் அதுவரை வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய கம்பெனியின் சம்பளப் பிரிவில் கொடுத்து, இரண்டையும் சேர்த்து வரி பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக விலக்கும் கீழ் அடுக்கு வரியும் கணக்கிட்டுவிடுவார்கள், ரிட்டர்ன் போடும்போது ஒரு பெரிய தொகையை வட்டியோடு நீங்கள் கட்டவேண்டி வரும்.